கடல் பக்கத்துக் கோல்

ஏழுகல்துறை ஸ்டார்ஸ் அணி லீக் பட்டியலில் பத்தாவது இடத்திலிருந்து பதினோராவது இடத்துக்கு இறங்கிய அந்தத் தை மாதத்துச் சனிக்கிழமையில்தான், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற கிழக்குக் கோல் வலைக்குள் ஒரு பந்தும், பந்தோடு கூடவே ஒரு ரப்பர் செருப்பும் வந்து விழுந்தன. பந்தை அடித்தவன் எதிரணியின் ஏழாம் நம்பர்; அதில் யாருக்கும் சந்தேகமில்லை. செருப்பை யாரும் அடிக்கவில்லை. பந்து பட்டதும் வலை பின்னால் உப்பியது, உப்பின வலை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, நின்ற வலையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது, பிறகு வலை தளர்ந்தபோது பந்துக்குப் பக்கத்தில் நீலப்பட்டை வைத்த செருப்பு ஒன்று கிடந்தது. ரெஃப்ரி அதை இரண்டு விரலால் தூக்கிக் கோட்டுக்கு வெளியே போட்டார், கோலை ஒப்புக்கொண்டார், வாட்சைப் பார்த்தார், நடுவட்டத்தை நோக்கி ஓடினார். ஆட்டம் நடந்தது.

செருப்பு போய் விழுந்தது கில்டாவின் காலடியில். பதினெட்டு ஜெர்சியையும் துவைத்துக் காயப்போட்டு, கிழிந்ததைத் தைத்து, ஆட்டம் நடக்கும்போது கடல் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, வெளியே வருகிற பந்தை எடுத்துக்கொடுப்பது அணியில் அவளுடைய வேலை. செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். இடது கால் செருப்பு. ஆனால் பெருவிரல் அழுந்தின பள்ளம் வலது காலுடையது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டே முப்பத்தாறு வயது வரைக்கும் நடந்த மனிதன் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான். அவன் அவள் புருஷன் இஞ்ஞாசி, எட்டு வருஷத்துக்கு முன்னால் விடியுமுன் கணவாய் மீன் பிடிக்கச் சின்ன வள்ளத்தில் தனியாகப் போய்த் திரும்பாமல் போனவன்.

கில்டா அழவில்லை. செருப்பை மடியில் வைத்து முந்தானையால் துடைத்தாள். பக்கத்தில் கொடியோடு நின்ற லைன்மேனிடம், "இது எங்க வீட்டுக்காரவிய செருப்பு," என்றாள்.

"சரிம்மா, கோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சுக்கோங்க," என்றார் அவர்.

எப்படி வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. யார் கை பட்டு வந்தது என்று மட்டும் கேட்டார்கள், அதற்குப் பதில் மறுநாள் பூசை முடிவதற்குள் கிடைத்துவிட்டது. அந்த வாரம் அடித்த வாடைக்காற்றில் கோல் வலை ஒரு முழ அகலத்துக்குக் கிழிந்துபோயிருந்தது. புது வலை வந்துசேரப் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். கிளப் செக்ரட்டரி தொபியாஸ், "நீயே எதையாவது வச்சு ஒட்டுப் போடு கில்டா," என்று சொல்லிவிட்டுப் போனார். கில்டா வீட்டு ஆணியில் எட்டு வருஷமாக ஒரு துண்டு வலை தொங்கியது. போகிற அன்றைக்கு முந்தின சாயங்காலம் இஞ்ஞாசி பின்னிக்கொண்டிருந்தது அது, பாதி முடிச்சில் வலை ஊசியைச் செருகி வைத்துவிட்டு எழுந்துபோனது. கடலுக்குப் போகிறவன் பாதியில் விட்ட முடிச்சை அவன்தான் வந்து முடிக்க வேண்டும் என்பது ஏழுகல்துறையில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். வேறு கை அதைத் தொட்டு முடித்தால் வலை ஆள் மாறிவிடும். பழைய ஆளை விட்டுவிட்டு, தொட்டவர் மனசு எதைத் தேடுகிறதோ அதைப் பிடிக்க ஆரம்பித்துவிடும். கில்டா அந்தப் பாதி முடிச்சை முடித்து, அதிலிருந்து மேலும் நாற்பது முடிச்சு போட்டு, துண்டு வலையைக் கோல் வலையோடு சேர்த்துவிட்டிருந்தாள்.

"அவசரத்துல கட்டிட்டேன்," என்றாள் கேட்டவர்களிடம். ஊர் நம்பியது. எட்டு வருஷம் ஆணியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ற ஒருத்திக்குக் கை பரபரக்காமல் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் ஏழுகல்துறை அதே கிழக்குக் கோலில் இரண்டு வாங்கியது. முதல் கோலுக்கு வலது செருப்பு வந்தது. இரண்டாவதற்கு அலுமினியத் தூக்குச்சட்டி வந்தது, மூடியில் கில்டா கட்டிவிட்ட அதே துணிக்கிழிசலோடு. திறந்து பார்த்தால் சட்டி கழுவிக் கவிழ்த்தது போலச் சுத்தமாக இருந்தது. அவன் என்றைக்கும் சட்டியைக் கழுவிக் கொண்டுவந்தவன் இல்லை. அங்கே போய்த்தான் பழகியிருக்கிறான் போலிருக்கிறது என்று பக்கத்துத் தெரு அக்காமார் சொல்லிச் சிரித்தார்கள், கில்டாவும் சிரித்தாள், வீட்டுக்குப் போய் அந்தச் சட்டியில் சோறு போட்டுத் தின்றாள்.

ரெஃப்ரிமார் தங்கள் அறிக்கையில், "வெளிப்பொருள், செருப்பு ஒன்று, வலது, வெளிப்பொருள், தூக்குச்சட்டி ஒன்று, காலி" என்று எழுதி அனுப்பினார்கள். லீக்கிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து வலையின் கண்ணிகளை அளந்தார், அளவு சரியாக இருந்தது, வலையில் பந்தைத் தவிர வேறு எதுவும் விழக்கூடாது என்று விதி எதுவும் இல்லை என்பதைப் புத்தகத்தில் இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, சங்கு விற்கிற கடையில் பிள்ளைக்கு ஒரு சங்கு வாங்கிக்கொண்டு போய்ச்சேர்ந்தார். பங்குச் சாமியார் பிரசங்கத்தில், தொலைந்த பொருளைத் தேடிக்கொடுப்பது அந்தோணியாருடைய வேலை, அந்தோணியாருக்கு ஃபுட்பால் பிடித்துப்போனால் அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்றார். கடலுக்கு ஆள் கொடுத்த வீடுகள் இன்னும் பதினாலு இருந்தன அந்த ஊரில். அவர்களும் ஆளுக்கொரு சாண் வலை கொண்டுவந்து கோல் வலையில் முடிந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அவையெல்லாம் பிறகு பிறகு கடலில் நனைந்த வலைகள், ஒரு தடவை மறுபடியும் கடலில் முங்கிவிட்டால் வலைக்கு மறதி வந்துவிடும் என்று பெரியவர்கள் விளக்கினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் முடிச்சுகளை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்கள், ஆனால் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. கில்டாவுக்கு வந்தால் தங்களுக்கும் வந்த மாதிரி என்று கேலரியில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் ஏழுகல்துறையே முதல் பாதியில் அந்தக் கோலில் ஒன்று போட்டது. நனையாத தீப்பெட்டி வந்தது. ஊர் தலைகால் தெரியாமல் ஆடியது, ஏனென்றால் நம் ஆள் கோல் போட்டு நம் ஆள் பொருளும் வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டாம் பாதியில் எதிரணி ஒன்று போட்டது, அதற்கு இஞ்ஞாசி இடுப்பில் கட்டிக்கொண்டு போன கட்டம்போட்ட சாரம் வந்தது. முதல் வரிசைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். "ஏ கில்டா, இனி ஆள் வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி நின்னுதான் வரணும் கேட்டியா," என்றாள் ஒருத்தி. கில்டாவுக்கு வெட்கத்தில் காது சிவந்தது. எட்டு வருஷத்தில் புருஷன்காரனை வைத்து அவளை யாராவது கேலி செய்தது அன்றைக்குத்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அவன் அன்றைக்கு என்னென்ன கொண்டுபோனான் என்பது கில்டாவுக்கு மனப்பாடம். செருப்பு, தூக்குச்சட்டி, தீப்பெட்டி, சாரம் எல்லாம் வந்தாயிற்று. மிச்சம் டார்ச் லைட்டும் சட்டையும் கல்யாண மோதிரமும். மோதிரத்துக்கு ஒரு கதை உண்டு. உள்பக்கம் 'கில்டா' என்று வெட்டச்சொல்லிக் கொடுத்ததற்கு, ஆசாரி நடுவிலிருந்த எழுத்தை விழுங்கிவிட்டு 'கிடா' என்று வெட்டிக் கொடுத்துவிட்டார். கில்டா பொங்கிவிட்டாள், மாற்றித் தரச் சொன்னாள். இஞ்ஞாசி மாற்றவே விடவில்லை. "இதான் பொருத்தமா இருக்கு, முட்டத்தான செய்யுத," என்று விரலில் மாட்டிக்கொண்டவன், அதன்பிறகு கரையில் இறங்கும்போதெல்லாம் "ஏ கிடா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டு வருவான். ஊர் கணக்கு மிகவும் எளிதாக இருந்தது: மற்றதெல்லாம் வந்துவிட்டது, இனி டார்ச் வந்து, சட்டை வந்து, மோதிரமும் வந்துவிட்டால் பின்னாலேயே ஆள் வந்துவிடுவான்.

இதனால்தான் கேலரி இரண்டாகப் பிரிந்தது. வள்ளத்தில் வலை போடுகிறபோது இரண்டே சொல்தான் உண்டு. வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நிற்கிறவன் "விடு" என்றால் கயிற்றுக்காரன் வலையை விடவேண்டும், "பிடி" என்றால் பிடிக்கவேண்டும். காற்றிலும் அலையிலும் வேறு பேச்சு காதில் ஏறாது. எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு கடல் பக்கத்துக் கோலை நெருங்கும்போது முதல் வரிசைப் பெண்களும் கடற்கரைத் தெருவும் "விடு, விடு" என்று கத்தினார்கள். ஐஸ் கம்பெனிக்காரர்களும் உப்பளத்து ஆட்களும் ஆட்டோக்காரர்களும் "பிடி, பிடி" என்று கத்தினார்கள். அவர்கள் கவலையும் நியாயம்தான். பன்னிரண்டு அணியில் கடைசி இரண்டும் செகண்ட் டிவிஷனுக்கு இறங்கிவிடும், இறங்கிவிட்டால் கிளப்பை மூடிவிடுவார்கள், மூடிவிட்டால் வாரத்துக்கு ஒருநாள் சந்தோஷப்பட ஏழுகல்துறைக்கு வேறு ஒரு காரணமும் கிடையாது. கில்டா மட்டும் இரண்டு சொல்லில் ஒன்றையும் சொன்னதில்லை. அவள் பேருக்காகத்தான் பாதி ஊர் கத்தியது, அவள் வாளியின் மேல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் கையுறை மாட்டிக்கொண்டு நின்றவன் கஸ்பார், அணியின் கோல் கீப்பர், இஞ்ஞாசியின் கூடப்பிறந்த தம்பி. பதினைந்து வயதிலிருந்து அண்ணனின் வள்ளத்தில் கயிற்றுக்காரன் அவன்தான். அண்ணன் குரல் கொடுத்தால் அவன் கை யோசிக்காது, விட்டுவிடும், அல்லது பிடித்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் அவன் இவ்வளவு நல்ல கீப்பர் ஆனான் என்று சொல்வார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஒருநாள் மட்டும் அவன் வள்ளத்தில் ஏறவில்லை. ஸ்டார்ஸ் அணிக்கு ஆள் எடுக்கிற நாள் அது. அண்ணன்தான், "போல, போய் பந்தப் பிடி, வலைய நான் பாத்துக்கிடுதேன்," என்று அனுப்பிவைத்தான். கஸ்பாரை எடுத்துக்கொண்டார்கள். கடல் இஞ்ஞாசியை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கஸ்பார் கடலில் கணுக்கால் கூட நனைத்ததில்லை.

நான்காவது ஆட்டத்தில் டார்ச் வந்தது, எரிந்துகொண்டே வந்தது. தரையோடு தரையாக உருண்டு வந்த சோப்ளாங்கிப் பந்து அது, கஸ்பார் தூங்கிக்கொண்டு பிடித்திருக்கலாம். கால் வழுக்கின மாதிரி ஒரு பக்கம் விழுந்தான். கில்டாவுக்கு அது வழுக்கல் இல்லை என்று தெரிந்தது. டார்ச்சை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அணைத்தால் மறுபடி எரியாதோ என்று பயந்து அணைக்காமலே விட்டாள். மூன்று வாரம் ஆகியும் அதன் வெளிச்சம் மங்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கஸ்பார் துணி துவைக்கிற இடத்துக்கு வந்தான். வெளியூர் ஆட்டங்களில் எப்படியோ தட்டிமுட்டி ஏழுகல்துறை மறுபடி பத்தாவது இடத்துக்கு ஏறியிருந்தது. நாளைக்குப் பாலாறு யுனைடெட்டோடு டிரா செய்தால் போதும், தப்பித்துவிடலாம். தோற்றால் போச்சு.

"மதினி, அன்னைக்கு வள்ளத்துல நான் இருந்திருக்கணும்," என்றான்.

"இருந்திருந்தா உன் செருப்பும் சேந்துல்லா வந்திருக்கும்," என்றாள் கில்டா, ஜெர்சியைக் கல்லில் அடித்துக்கொண்டே.

"நாளைக்கு ரெண்டாவது பாதி நான் கடல் பக்கம் நிப்பேன். ஒண்ணு விடுதேன். ரெண்டு வேணும்னாலும் விடுதேன். மோதிரம் வரட்டும், பொறத்தாலயே அண்ணனும் வந்துருவாவ."

"டீம் எறங்கிருமே கஸ்பாரு."

"எறங்கட்டும். எட்டு வருசமா அண்ணன் எறங்கித்தான கெடக்காவ."

கில்டா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமலும் இல்லை. ஆனால் எட்டு வருஷமாக ஒரு தட்டு மட்டும் கழுவுகிறவளுக்கு அந்தச் சொல் நாக்கில் ஏறவில்லை. கஸ்பார் அவள் மௌனத்தை வாங்கிக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு வந்தவர் கோச் சுந்தரேசன். மதுரைக்காரர், கல்யாணம் ஆன பிறகு சுற்றுலா போனபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தவர், மூன்று மாதமாக அவருடைய திட்டம் எல்லாவற்றிலும் செருப்பும் சட்டியும் வந்து விழுந்ததில் தலைமுடி பாதி கொட்டிப்போனவர். கில்டாவிடம் நாளைக்கான ஜெர்சியை எண்ணி வாங்கிக்கொண்டு போகத் திரும்பியவர், பொறுக்கமாட்டாமல் நின்றார்.

"ஏம்மா, கோவிச்சுக்காதீங்க, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. செருப்ப அனுப்பிட்டாரு, சோத்துச் சட்டிய அனுப்பிட்டாரு, இப்ப டார்ச்சையும் அனுப்பிட்டாரு. அப்ப அவரு அங்க இருட்டுக்குள்ள வெறுங்காலோட என்னதான் செய்றாரு?"

எரிச்சலில் கேட்டதுதான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். கில்டா கையிலிருந்த ஜெர்சியைப் பிழிந்துகொண்டே நின்றாள், தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டே நின்றாள்.

மறுநாள் நாலு மணிக்கு மைதானத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம். கேலரி நிறைந்து, மதில் நிறைந்து, மைதானத்துக்கு வெளியே ஏற்றிவைத்த வள்ளங்களின் மேலெல்லாம் ஆள் நின்றது. அந்த ஊர் வழக்கப்படி ஏழுகல்துறை முதல் பாதியில் கடலைப் பார்த்து ஆடியது. பாலாற்றுக்காரர்கள் மேற்குக் கோலில் முதலில் ஒன்று போட்டார்கள். அந்த வலை வெறும் வலை, அதில் பந்து மட்டும் விழுந்தது. அரைமணி நேரம் கழித்து ஏழுகல்துறை கார்னரிலிருந்து தலையால் முட்டிக் கிழக்குக் கோலில் ஒன்று போட்டது. வலை உப்பியது, உப்பி நின்றது, உப்புத்தண்ணீர் சொட்டியது, வெள்ளைச் சட்டை ஒன்று பந்தின் மேல் விரிந்து கிடந்தது. விடு என்றவர்களும் பிடி என்றவர்களும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுதார்கள்.

கில்டா சட்டையை எடுத்தாள். கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருந்தது. மூன்றாவது பித்தான் சிவப்பு நூலில் தைத்தது, வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தைத்தது. ஈரச் சட்டையை உதறப் போனவள் நின்றுவிட்டாள். சட்டைக்குள் சூடு இருந்தது. வெயில் சூடு இல்லை, அடுப்புச் சூடு இல்லை, ஒரு மனிதன் இப்போதுதான் கழற்றிக் கொடுத்த உடம்புச் சூடு. அவள் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வாளியின் மேல் உட்கார்ந்தாள். இடைவேளை போயிற்று, கஸ்பார் கடல் பக்கத்துக் கோலுக்கு வந்து அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றான், ஆட்டம் நடந்தது, அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. சட்டை அவள் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஆறுவதை மட்டும் அறிந்துகொண்டிருந்தாள். கழற்றிக் கொடுத்தானா, உருவிக்கொண்டு வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொடுத்தவன் என்றால் பித்தானைக் கழற்றியல்லவா கொடுத்திருப்பான்.

எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் ஏழுகல்துறை தடுப்பாட்டக்காரன் ஒருவன் கையில் பந்து பட்டது. ரெஃப்ரி வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். பெனால்டி.

கேலரி முதலில் கத்தியது, பிறகு ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். மூடிவிட்டு எல்லாரும் கோலுக்குப் பின்னால் வாளியின் மேல் இருக்கிற பெண்பிள்ளையைப் பார்த்தார்கள். ஐஸ் கம்பெனிக்காரர்கள் கூடப் பார்த்தார்கள், அவர்களுக்கும் பிடி என்று சொல்ல அந்த நேரத்தில் மனசு வரவில்லை. பாலாற்றின் ஒன்பதாம் நம்பர் பந்தை வைத்தான். அவன் எப்போதும் வலது பக்கம்தான் அடிப்பான் என்று லீக் முழுக்கத் தெரியும். கஸ்பார் திரும்பி மதினியைப் பார்த்தான், லேசாகத் தலையை அசைத்தான், திரும்பிக்கொண்டான். இடது பக்கம் விழப்போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

செருப்பைக் கேட்டு வாங்கினாள், அவன் வெறுங்காலோடு நிற்கிறான். சட்டியைக் கேட்டு வாங்கினாள், டார்ச்சைக் கேட்டு வாங்கினாள், மூன்று வாரமாக அது மாதா படத்துக்கு எரிகிறது, அவன் அங்கே இருட்டில் தடவித் தடவி நடக்கிறான். இப்போது உடம்பில் துணி இல்லை. அவன் வரவில்லை, அவனிடம் இருந்ததுதான் ஒவ்வொன்றாக வந்தது. அவள் ஆசையாய் ஆசையாய் இழுத்தது எல்லாம் அவனிடமிருந்து பிடுங்கினது. இனி மிச்சம் அந்த மோதிரம் ஒன்று. அதுவும் வந்துவிட்டால், கடலடியில் நிற்கிற அந்த மனிதனிடம் அவளுடையது என்று சொல்ல ஒன்றும் இருக்காது, அவனுக்குக் கூப்பிட ஒரு பேரும் இருக்காது.

ஒன்பதாம் நம்பர் ஓடிவந்தான்.

கில்டா எழுந்த வேகத்தில் வாளி உருண்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் விடியற்காலைகளில் கரையில் நின்று அவள் கேட்ட குரல் ஒன்று உண்டு, அலைக்கு மேலாக நீட்டி இழுத்து இஞ்ஞாசி தம்பிக்குக் கொடுக்கிற குரல். அந்தக் குரலில், அதே இழுவையில், ஆள் தான்தானா என்று அவளுக்கே தெரியாதபடி கத்தினாள்.

"பிடீல!"

கஸ்பார் அதற்குள் இடது பக்கம் சாய்ந்துவிட்டிருந்தான். ஆனால் கை அவனிடம் கேட்கவில்லை. சாய்ந்த உடம்பை அந்தரத்தில் போட்டுவிட்டு இரண்டு கையும் வலது பக்கம் போயின, போய்ப் பந்தைப் பிடித்தன, பிடித்துக்கொண்டு நெஞ்சோடு அணைத்தன. கோட்டின் மேல் முகங்குப்புறக் கிடந்தவன் ரெஃப்ரி கடைசி விசில் ஊதுகிற வரைக்கும் பந்தை விடவில்லை. பந்து நனைந்திருந்தது என்று பிறகு சொன்னான். உள்ளே யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒரு தடவை உப்பி அடங்கியது என்றும் சொன்னான்.

ஊர் கஸ்பாரைத் தூக்கிக்கொண்டு போனது, கோச் சுந்தரேசனைத் தூக்கிக்கொண்டு போனது, லைன்மேனைக் கூடக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு போனது. முதல் வரிசைப் பெண்கள் பதினாலு பேர் மட்டும் கீழே இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் கோபம் இல்லை. கில்டா கோல் வலையில் தான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள், அவர்களும் சேர்ந்து அவிழ்த்தார்கள். நாற்பதும் அவிழ்ந்தது. இஞ்ஞாசி பாதியில் விட்ட முடிச்சு வந்ததும் கில்டா அதில் தன் பாதியை மட்டும் எடுத்துவிட்டு, அவன் பாதியை அவன் விட்டபடியே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முன்னால், கிழக்கு வெளுக்கிற நேரத்தில், அவள் கஸ்பாரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் யாருடைய வள்ளத்தையோ இரவல் வாங்கித் தள்ளினான். கணுக்கால் நனைந்தபோது ஒரு நிமிஷம் நின்றான், பிறகு ஏறினான். தண்ணீர் நிறம் மாறுகிற இடம் வரைக்கும் துடுப்புப் போட்டான். கில்டாவின் மடியில் அந்தத் துண்டு வலை மூட்டையாகக் கட்டியிருந்தது. உள்ளே துவைத்து மடித்த சாரமும் சட்டையும், தீப்பெட்டியும், ஜோடி சேர்த்துக் கட்டின செருப்பும், சுடுசோறும் நெத்திலிக் குழம்பும் போட்டு மூடியைத் துணியால் இறுகக் கட்டின தூக்குச்சட்டியும், எல்லாவற்றுக்கும் நடுவில் அணையாத டார்ச்சும் இருந்தன.

மூட்டையைக் கஸ்பார் கையில் கொடுத்தாள். அவன் அதை வாங்கி, தண்ணீருக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தான். கயிற்றுக்காரன், சொல் வராமல் அவன் கை எதையும் செய்யாது.

"விடு," என்றாள் கில்டா.

விட்டான். மூட்டை முங்கியது. தெளிந்த தண்ணீருக்குள் டார்ச் வெளிச்சம் இறங்கி இறங்கிப் போவதை இரண்டு பேரும் விளிம்பில் குனிந்து பார்த்தார்கள். ஒரு தென்னை உயரம் போயிருக்கும், இரண்டு தென்னை உயரம் போயிருக்கும், ஓரிடத்தில் வெளிச்சம் நின்றது. சோறு தின்கிற நேரம் அளவுக்கு அங்கேயே நின்றது. பிறகு ஆள் நடக்கிற வேகத்தில், மேலும் கீழும் லேசாக ஆடிக்கொண்டு, தெற்கே பார்த்துப் போகத் தொடங்கியது.

கஸ்பார் தோள் குலுங்க அழுதான். கில்டா வெளிச்சம் கண்ணுக்குத் தப்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடம் வலம் பாத்துதான் சேத்துக் கட்டிருந்தேன்," என்றாள். "மாத்தித்தான் போட்டுட்டுப் போவாவ."